பன்னிரண்டு குடும்பங்களை ஒரே வீடாகக் கணித்து லயத்தை முள்கம்பியால் அடைப்பது தொடர்பான புகார்

அனுப்புநர்:
அ. விஜயலெட்சுமி,
கொழுந்து பறிக்கும் தொழிலாளி,
மேற்பிரிவு லயம், நீலக்கந்தைத் தோட்டம்,
மடுல்சீமை.

பெறுநர்:
தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்,
பதுளை.

விடயம்: வெள்ளிக்கிழமை எங்கள் லயத்தை மறுபடியும் அடைக்க இருப்பதை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கொரோனா எவ்வளவு வேகமாகப் பரவும், எதை மூடினால் எவ்வளவு குறையும் என்று கணினியில் கணித்துப் பார்த்துத்தான் அடைப்பதாகத் தோட்டத்துக் கூட்டத்தில் ஓர் உத்தியோகத்தர் விளக்கினார். ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கும் வரும், அதனால் வீட்டோடு மூட வேண்டும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு அறைகள் வரிசையாக உள்ள எங்கள் லயம் முழுவதற்கும் ஒரே முகவரி. கடிதங்கூடத் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். பன்னிரண்டு காம்பராக்களில் தனித்தனியே உலை வைக்கும் குடும்பங்களை அந்தக் கணிப்பு ஒரே வீடாக எடுத்துக்கொண்டது.

2. சென்ற மாதம் கடைசிக் காம்பரா ரஜீவ் கொழும்பிலிருந்து நோயோடு வந்தார். அவரைப் பிரித்து வைக்காமல் லயத்தைச் சுற்றி முள்கம்பி அடித்தார்கள். அவரும் நாங்களும் ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தோம், ஒரே கக்கூசுக்குப் போனோம். ஒரு வாரத்தில் லயமே இருமியது.

3. என் மூத்த மகள் கலாராணிக்கு மூச்சு முட்டியது. வண்டி கேட்டுக் கத்தினோம், நாதியில்லை. என் கணவர் அழகையா கம்பியை அறுத்து, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். காவலர்கள் பொல்லுகளோடு பாய்ந்தார்கள். "புள்ளைக்கு மூச்சு வரலீங்க, என்னைய அப்புறம் அடிங்க" என்று கெஞ்சினார். அவளைப் பிடித்திருந்த கையிலேயே அடித்து எலும்பை முறித்தார்கள். மகள் கல்லில் விழுந்து மண்டை உடைந்தது. இருவரையும் இழுத்து உள்ளே எறிந்தார்கள். அவள் என் மடியிலேயே செத்தாள்.

4. அடுத்த கூட்டத்தில், நோய் பக்கத்து லயங்களுக்குப் பரவவில்லை, கணிப்புப் பலித்தது என்று திரையில் கோடு இறங்குவதைக் காட்டினார்கள். கை வேறு தட்டினார்கள். எங்களை உள்ளே போட்டுச் சாகடித்துவிட்டு வெளியே குறைந்தது என்று சொல்ல ஒரு கணினி எதற்கு ஐயா?

5. இப்போது மூன்றாம் காம்பரா ரமேசுக்கு நோய் கண்டிருக்கிறது. கம்பிச் சுருள்கள் வந்து இறங்கிவிட்டன. எனக்கு மிஞ்சியிருக்கும் பிள்ளை இளையவள் ஜெயலெட்சுமி ஒருத்திதான். அவளுக்கு இன்றுவரை ஒன்றுமில்லை. ஒவ்வொரு காம்பராவையும் ஒரு வீடாக வைத்து மறுபடி கணிக்கவும், கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பரா இப்போது பூட்டிக் கிடப்பதால் நோயாளியை அங்கே தங்கவைக்கவும் உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

6. அன்று என் கணவர் கெஞ்சினார். நான் கெஞ்ச மாட்டேன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை என் வாசலில் கம்பி அடிக்க நீளும் முதல் கையை வெட்டுவேன். அதற்கு முன் தங்கள் உத்தரவு வந்தால் அந்தக் கையும் தப்பும், என் மகளும் தப்புவாள்.

இடம்: மடுல்சீமை
திகதி: 16.06.2021

கை நடுங்காமல் ஒப்பமிடும்,
அ. விஜயலெட்சுமி