வண்டி இப்போது நன்றாக இழுக்கிறது

ராஜபாளையம்

அன்பு மகன் பெனினுக்கு அப்பா எலியேசர் எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் தங்கை அக்சாவும் சுகமாக இருக்கிறோம், அந்தப் பனியில் உன்னையும் அவர் காக்கும்படி தினமும் ஜெபத்தில் கேட்கிறேன். உங்கள் ராணுவ போஸ்டில் போன் சிக்னல் எடுக்காததால்தான் கடிதம். ஃபேன் பெல்ட்டில் விரல் சிக்கிக் கட்டுப் போட்டிருக்கிறேன், பயப்படாதே, நான் சொல்லச் சொல்ல அக்சா எழுதுகிறாள். நம் அம்பாசிடர் கொஞ்ச காலமாக மந்தமாக இருந்தது, டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, தளர்ந்துபோன அட்வான்ஸ் ஸ்பிரிங்கை மாற்றினேன், வேகம் கூடக் கூட ஸ்பார்க் முன்னதாக விழ வேண்டும் அல்லவா, அப்படியும் இழுவை வரவில்லை. இன்ஜின் தட்டிவிடுமோ என்று ஸ்பார்க் விழும் டைமிங்கை எப்போதும் சற்றுப் பின்னுக்கே வைப்பவன் நான், உனக்குத் தெரியும். முந்தாநாள் காலையில் எடுத்தால் வண்டி பறக்கிறது. ஸ்பிரிங் மாற்றிய பிறகு நான் கை வைக்கவே இல்லை, எல்லாம் ஆண்டவர் செயல். அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் செலினா அத்தை வீட்டில் அவள் மகன் ரிச்சர்டுக்கும் அக்சாவுக்கும் நிச்சயம், நம் வண்டியிலேயே போகிறோம். பதினேழு வயதுதான் என்பதால் இப்போது நிச்சயம் மட்டும், ஆனால் அன்று முதல் அவள் அத்தை வீட்டிலேயே இருந்துகொள்வாள், படித்தது போதும். அவளுக்கு முழுச் சம்மதம். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக் கட்டிக்கொள். கர்த்தர் உன்னைக் கண்மணிபோலக் காப்பாராக. அன்புள்ள அப்பா.

அண்ணா, இனி நான். கவரை ஒட்டி வைக்கச் சொல்லிவிட்டு அப்பா தூங்குகிறார், காலையில் அவரே பெட்டியில் போடுவார். முழுச் சம்மதம் என்று எழுதும்போது என் கை நின்றது, 'ஏட்டி, என்ன யோசன? எழுது' என்றார், எழுதிவிட்டேன். அது பொய். அத்தையிடம் வேண்டாம் என்று சொன்னதற்கு, 'அம்மா இல்லாம வளந்த திமிரு, எங்கிட்ட வந்தா பொறவு எல்லாம் சரியாப் போவும்' என்று சிரித்தார்கள். அன்று முதல் என் போன் அப்பாவின் சட்டைப்பையில், பள்ளிக்கும் அவரே கொண்டுவிட்டுக் கூட்டி வருகிறார். வேறு வழி தெரியாமல்தான் வண்டியில் கை வைத்தேன், ஆண்டவர் செயல் இல்லை அண்ணா. டைமிங்கை இன்னும் பின்னுக்குத் தள்ளினால் இன்ஜின் கொதித்து வண்டி நடுவழியில் நின்றுவிடும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைத் தளர்த்தி, அதில் நீட்டிக்கொண்டிருக்கும் பிடியை அவர் சொல்கிறபடி இடது பக்கம் தள்ளி இறுக்கினேன். எப்போதும் அவருக்கு எதிர்ப்பக்கம் நின்று டார்ச் பிடித்தே பழகியவள், அன்றும் அந்தப் பக்கமே நின்று தள்ளிவிட்டேன். அவருடைய இடது எனக்கு வலது என்பது அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. டைமிங் பின்னுக்குப் போகாமல் முன்னுக்கு வந்துவிட்டது, அதனால்தான் இந்த இழுவை. 'எம்புட்டு இழுவை பாத்தியா, அத்தை வீட்டுக்குச் செத்த நேரத்துல போயிரலாம்' என்று குழந்தை மாதிரி சிரித்தார். இனி யாரும் தொடக்கூடாது என்று ஷெட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறார்.

உன் பேச்சை மட்டும்தான் அப்பா கேட்பார். எப்படியாவது கீழே இறங்கி வந்து ஒரு போன் செய். நான் எழுதியதைச் சொல்லாதே, நீ லீவில் வரும்வரை நிச்சயதார்த்தம் வேண்டாம், அக்சா பரீட்சை எழுதட்டும் என்று மட்டும் சொல். டைமிங் இப்படி முன்னுக்கு இருந்தால் மேடு ஏறும்போது இன்ஜின் தட்டும், அந்தச் சத்தம் கேட்டால் அப்பா அங்கேயே நிறுத்திவிடுவார். ஆனால் இங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் சொல்லும்படி ஒரு மேடுகூட இல்லை.

உன் தங்கை,
அக்சா