பாறைக்குள் பனி, பந்தயத்துக்குக் கூழ்

இன்று காலை பராமரிப்புக்காரர் வந்து என் ஜன்னல் இடுக்குகளை அடைத்துவிட்டுப் போனார். அவர் "போன்ஜூர்" என்றார், போகும்போது நான் "மெர்சி" என்றேன். இன்றைக்கு நான் வாய் திறந்தது அவ்வளவுதான். அவர் பூசிய சிலிக்கன் பசையின் வினாகிரிப் புளிப்பு மணம் இன்னும் வீட்டுக்குள் நிற்கிறது. அந்த மணத்தோடு நீயும் வந்துவிட்டாய், மச்சான்.

இதே பசையைத்தான் ரொக்கி மலைச் சுவரில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பூசினோம். பாறையில் துளையிட்டு, வெயில் எட்டாத ஆழத்துக்கு வெப்பமானிக் கம்பியை இறக்கி, துளைவாயில் பதிவுக் கருவியை வைத்து மூடினோம். உள்ளே பாறை உறைந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. வெடிப்புகளுக்குள் உறைந்து பாறையைப் பிடித்து வைத்திருப்பது பனிதான். அது இளகினால் பாறை கழன்று விழும். கீழே மலையேறிகள் படுத்துறங்கும் குடில் ஒன்று இருந்தது. வெளியே தொட்டுப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. பின்னேர வெயிலில் அந்தச் சுவர் தோசைக்கல்லாகச் சுடும்.

அந்தச் சூட்டை நம்பி, உள்ளே பனி இல்லை என்றேன். நீ விடவில்லை.

"உள்ளுக்கை பனிதான். இல்லையெண்டால் நான் ஒடியல் கூழ் காய்ச்சுறன். இருந்தால் நீ காய்ச்சு."

"நீ காய்ச்சினால் ஆர் குடிக்கிறது?"

ஒரு வருடம் கழித்துத் திறந்தோம். கருவியின் பதிவில் வெப்பக் கோடு பூச்சியத்துக்கு மேல் ஒருமுறையும் வரவில்லை. "வெண்டிட்டன்" என்று நீ கயிற்றிலேயே ஆடினாய். நான் விட்டுக்கொடுப்பேனா?

"ரெண்டு வருசம் மச்சான். ஒரு வருசத்தை வைச்சு ஒண்டும் சொல்லேலாது."

நம் தொழிலின் விதி அது. தொடர்ந்து இரண்டு வருடம் உறைந்தே கிடந்தால்தான் அதை நிரந்தர உறைவு என்போம். உனக்கும் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே கையுறையைக் கழற்றி, துளையை மறுபடி மூடிய புதுப் பசையை வெறும் பெருவிரலால் வழித்தாய். "கையுறையோடை வழிச்சால் வடிவாய் வராது" என்றாய்.

அந்தக் குளிர்காலத்தில் உன் நெஞ்சு நின்றுவிட்டது. மொன்ட்ரியால்-நோர் வீட்டில், ஞாயிறு பூசைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாயாம். உன் தங்கை அழுதுகொண்டே சொன்னாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. இன்னும் ஒரு கோடைதானே, அதுவரை பொறுத்திருக்கக் கூடாதா நீ?

இந்தக் கோடையில் நம் ஆய்வுக்கூடத்தின் பிரெஞ்சுக்காரரோடு போனேன். நல்ல மனிதர், வேலை நேரத்தில் பேசமாட்டார். பசையை வெட்டப் போனபோது உன் பெருவிரல் ரேகை அப்படியே அதில் பதிந்திருந்தது. ரேகை கெடாமல் சுற்றி வெட்டி எடுத்தேன். இப்போதும் அது என் ஜாக்கெட் பையில்தான் இருக்கிறது.

இரவு குடிலில் கணினியைத் திறந்தேன். இரண்டாம் வருடமும் கோடு பூச்சியத்தைத் தொடவில்லை. ஆனால் முதல் வருடத்தைவிட மேலே ஏறியிருந்தது. பனி இருக்கிறது, ஆனால் இளகப் பார்க்கிறது. குடிலை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி எழுதிவிட்டோம். "வெண்டிட்டாய் மச்சான்" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். பிரெஞ்சுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றுமில்லை என்றேன். இரண்டு வருடத்து வாக்குவாதத்தை எந்த மொழியில் அவருக்கு விளக்குவது?

போன ஞாயிறு ஜான்-டலோன் சந்தைக்குப் போய் நண்டும் இறாலும் வாங்கி வந்தேன். மரவள்ளி, பயத்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, பனங்கிழங்கு ஒடியல் மாவு கரைத்துக் கூழ் காய்ச்சினேன். கூழை ஓர் ஆளுக்கென்று காய்ச்ச முடியாது. எவ்வளவு குறைத்துப் போட்டும் ஒரு பெரிய சட்டி வந்துவிட்டது. உறைப்புக் கூடிவிட்டது, உப்புக் குறைவு. குறை சொல்ல ஆளில்லாமல் இரண்டு கோப்பை குடித்தேன்.

உன் பங்கை ஒரு டப்பாவில் ஊற்றி ஃபிரீசரில் வைத்திருக்கிறேன். சற்றுமுன் திறந்து அதன்மேல் கையை வைத்துப் பார்த்தேன். கல்லாக உறைந்து கிடக்கிறது. இதற்குத் துளை போட வேண்டியதில்லை, மச்சான். தொட்டாலே தெரிகிறது.