தெற்குச் சுவரில் ஒரு டிவி

17.1.2025, வெள்ளி

சம்பா அறுப்பு முடிந்தது. திருவாரூர் போய் டிவி பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் இரண்டாம் தேதி மகள் வானதிக்கு ஆஸ்திரேலியாவில் வளைகாப்பு. நேரலையாகக் காட்டுகிறார்களாம். என் மனைவி வல்லிக்கு ஆடி மாதம் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. அன்றிலிருந்து கூடத்துக் கட்டில்தான். "செல்லுல அவ மூஞ்சி மொச்சக்கொட்ட அளவுதாங்க தெரியுது" என்கிறாள். பெற்றவள் வேறென்ன கேட்டுவிட்டாள்?

கடைக்காரர் மீரா உசேன் இரண்டை அருகருகே ஓடவிட்டார். ஒன்றில் கறுப்பு மைக்கறுப்பு. பட்டுப்புடவைச் சரிகை இழை இழையாகத் தெரிந்தது. ஆனால் நேரே இருந்து பார்க்க வேண்டும், ஓரம் போனால் வெளுக்கும். மற்றதில் கறுப்பு கொஞ்சம் சாம்பல் பூத்திருந்தது, எங்கிருந்து பார்த்தாலும் நிறம் மாறவில்லை. இரண்டு குணமும் சேர்ந்தது ஒன்று உண்டாம். விலையைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

18.1

சரிகையா, சாம்பலா? முடிவாகவில்லை.

20.1, திங்கள்

வாங்கிவிட்டேன். "வீட்ல ஓரமா படுத்துப் பார்க்குறவங்க யாரும் இருக்காங்களா சார்?" என்று மீரா உசேன் கேட்டார். நாலு பேர் நிற்கிற கடையில் வீட்டுச் சீக்கை விரிப்பார்களா? "எல்லாரும் நேரா உக்காந்துதாங்க" என்றேன். கொஞ்சம் ஓரம்தானே, என்ன கெட்டுவிடும்? சரிகைதான் கண்ணில் நின்றது.

22.1

மாட்டியாயிற்று. வடக்கில் வாசல், கிழக்கில் ஜன்னல், மேற்கில் சமையலறைக் கதவு. ஆக, தெற்குச் சுவர்தான். நான் நாற்காலியில் இருந்து பார்த்தால் கோயில் திருவிழா. கிழக்கே தலை வைத்துப் படுத்திருக்கும் அவளுக்கு எல்லாம் இடது ஓரம். கழுத்தும் அந்தப் பக்கம் முழுக்கத் திரும்பாது. "நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். அவள் தலைமாட்டில் குனிந்து பார்த்தேன். கழனித்தண்ணி மாதிரி இருந்தது படம். ஒரு முகமும் உருப்படியாகத் தெரியவில்லை.

25.1, சனி

டிவியைக் கட்டில் பக்கம் திருப்பிக்கொள்ளும் ஸ்டாண்ட் கேட்டேன். பழைய சுவர், முன்னால் நீட்டினால் தாங்காது என்றார் மாட்ட வந்தவர். பெட்டி பிரித்ததைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். அன்று கடையில் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் மற்றதையே கொடுத்திருப்பார். என் வீறாப்பு!

29.1

இன்று சண்டை.

"கட்டிலத் திருப்பிப் போடுங்க. நேரா தெரியும்."

"வடக்க தலை வைக்கச் சொல்றியா?"

"வச்சா என்னங்க?"

என்னவா? உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு. நன்றாக இருக்கிறவர்களே வைக்க மாட்டார்கள். படுக்கையில் கிடப்பவளை நானே எப்படித் திருப்புவேன்? கத்திவிட்டேன். அவள் முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டாள், ராத்திரிக் கஞ்சியும் வேண்டாம் என்றாள்.

பயமா இருக்கு எனக்கு. அவ்வளவுதான். இவ போயிட்டா இந்த வீட்ல நான் என்ன செய்வேன்?

1.2

கட்டிலைத் திருப்பச் சொல்லி அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

2.2.2025, ஞாயிறு

விடிந்ததும் பக்கத்து வயல் வைரக்கண்ணுவைக் கூப்பிட்டேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அவளோடு சேர்த்துக் கட்டிலைத் திருப்பினோம். வைரக்கண்ணு திசையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பதரைக்கு ஆரம்பித்தது. மாம்பழ நிறப் பட்டு, இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். வானதி நேரே பார்த்து "அம்மா, தெரியுதாம்மா?" என்றாள். "தெரியுதுடி. கன்னத்துல சந்தனம் காஞ்சிருச்சு, தொடச்சுக்க" என்றாள் வல்லி. குழறல்கூட அவ்வளவாக இல்லை. எனக்குத்தான் படம் கலங்கிவிட்டது.

முடிந்ததும் கட்டிலைப் பழையபடி போடப் போனேன்.

"இருக்கட்டுங்க. புள்ள பொறந்ததும் காட்டுவாள்ல" என்றாள்.

இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கட்டிலை அப்படியே விட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்து, நானும் வடக்கே தலை வைத்துப் படுத்தேன்.

"நீங்க எதுக்குங்க இப்படி?" என்றாள்.

"இங்கதான் ஃபேன் காத்து வருது" என்றேன்.