அவசரத்துக்கு ஒரு சாவி

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

ஆமாம், வீட்டைக் கழுவிவிட்டுத்தான் வாடகைக்குக் கொடுத்தேன். குளியலறைச் சல்லடையைக்கூடக் கழற்றிப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். அப்படியும் வீடு பார்க்க வந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள்.

பதினோரு பேர். சொந்த வீட்டை வாடகைக்கு விடுவது இப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒருவர் என் மெத்தையை முழங்கையால் அழுத்திப் பார்த்தார். ஒரு அம்மா பிரிட்ஜைத் திறந்து உள்ளே தலையை விட்டு முகர்ந்தார். வங்கிக்காரர் ஒருவர் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டு, உபயோகித்துவிட்டு வந்து, "தண்ணி வேகம் பத்தாதுங்க" என்றார். அவர் போனபின் மூன்று முறை கழுவினேன்.

பன்னிரண்டாவதாக வந்த பெண் எதையும் திறக்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்று, வெயில் எந்தப் பக்கம் வரும் என்று மட்டும் கேட்டாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. தலையில் ஸ்கார்ஃப். அடக்கமான பெண். அவளுக்கே கொடுத்துவிட்டேன்.

மாற்றுச் சாவி உன்னிடம் இருக்கட்டும். அவசரத்துக்கு மட்டும். குழாய் உடைந்தால், தீப்பிடித்தால். போனில் சொன்னால் அத்தான் ஸ்பீக்கரில் போடச் சொல்வார் என்பதால் எழுதுகிறேன்.

மாற்றலாகி வந்த இந்தப் புது ஊரில் எனக்கும் ஒரு வாடகை அறை கிடைத்துவிட்டது. சுவரில் யாரோ எண்ணெய்த் தலையைச் சாய்த்த வட்டம். கட்டிலை நகர்த்தி மறைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் குட்டி


மார்ச் 27

என் குட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அந்தச் சுவரில் மட்டும் சாயாதே.

அவசரம் ஒன்றுமில்லை, ஆனாலும் உன் வீட்டுக்குப் போனேன். மழை பெய்தது, ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருப்பாளோ என்று ஒரு சந்தேகம். அவள் வேலைக்குப் போயிருந்தாள். ஜன்னல் மூடித்தான் இருந்தது.

எப்படிச் சொல்வேன். முடி. சோப்பில் முடி, தலையணையில் முடி. சல்லடையில் எலி செத்துக் கிடப்பதுபோல ஒரு உருண்டை. தட்டு துடைக்கிற துணியிலும் ஒன்று நீளமாக ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய்க் குளித்தேன். "காலைலதான குளிச்ச, யாரு பொண்ணு பாக்க வர்றாங்க?" என்று உன் அத்தானுக்குக் கிண்டல்.

இவளைத்தான் அடக்கமான பெண் என்றாயா?

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

நீ போயிருக்கக் கூடாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சொல்லியாகிவிட்டது. அடுப்புக்குப் பின்னால் பார்த்தாயா? சிங்க்குக்கு அடியில்? அலமாரியின் மேல்தட்டில் என் புத்தகங்கள் இருக்கின்றன, அவற்றின்மேல் எதையாவது வைத்திருக்கிறாளா?

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஒரு முறை பஸ்ஸில். எலி வந்த வரியில் சிரித்துவிட்டேன், பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அருவருப்புக்கு இப்படி ஒரு ருசி உண்டு என்று எனக்கு இதுவரை தெரியாது.

இங்கே நான் ஆபீசில் இருக்கும்போது ஓனர் என் அறைக்கு வந்து போகிறார். சோப்புப் பெட்டி இடம் மாறியிருந்தது. கொடியில் போட்டிருந்த என் உள்ளாடைகள் ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தன. விரலால் தள்ளியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் மறுபடி துவைத்தேன். என்ன மனிதர்கள்.

அடுத்த முறை போனால் விவரமாக எழுது.

குட்டி


ஏப்ரல் 22

அன்புக் குட்டி,

நீ கேட்டபடி எல்லாம் பார்த்தேன். அடுப்புக்குப் பின்னால் சுத்தம். உன் புத்தகங்கள் வைத்தது வைத்தபடி. குளியலறை மட்டும் முன்பைவிட மோசம். பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிவர என்னால் ஆகவில்லை. கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். இரண்டு மணி நேரம். சல்லடைக்குள்ளிருந்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, வெள்ளையாகச் சளி பிடித்து. இப்போது தரையில் முகம் பார்க்கலாம்.

இன்னொன்று. கேட்டால் நம்பமாட்டாய். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே ஆறு காகிதப் பொட்டலம். ஒவ்வொன்றிலும் முடி, மேலே பென்சிலால் தேதி. தன் தலைமுடியையே யாராவது சேமித்து வைப்பார்களா? டப்பாவோடு தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். கை இன்னும் நாறுவது போலவே இருக்கிறது.

அவளிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளாதே.

அக்கா


ஏப்ரல் 30

அக்கா,

அவள் போன் செய்தாள்.

"வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா மேடம்? எதுவும் காணாமப் போகல. பாத்ரூம் பளபளன்னு இருக்கு. திருடன் வந்தா கழுவிவிட்டா போவான்?" சிரித்தாள். அப்புறம், "ஒரு டப்பா மட்டும் இல்ல" என்றாள்.

முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதாம். ஏதோ நோய். ஸ்கார்ஃப் அதற்குத்தான். நாளுக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்க்க, ஏழு நாள் முடியைத் தனித்தனியாக மடித்துத் தேதி போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நீ போன அன்று ஆறு நாள் முடிந்திருந்தது. இரண்டு மாதம் காத்திருந்து வாங்கிய நேரம். வெறுங்கையோடு போயிருக்கிறாள். திரும்பச் சேர்த்துக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டார்கள்.

"பிளம்பர் வந்தாரு" என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

அதற்கு அவள், "ஐயோ, அவருக்கு ரொம்ப அருவருப்பா இருந்திருக்கும்ல. மன்னிச்சிருங்க மேடம்" என்றாள்.

என்னிடம். மன்னிப்பு. போனை வைத்த பிறகு என் வாயைக் கொப்பளித்தேன்.

நாம் குடியிருந்த வீட்டு ஓனரம்மா நினைவிருக்கிறாளா? தட்டாமல் உள்ளே வந்து பாத்திர மூடியைத் தூக்கிப் பார்ப்பாளே. எல்லாக் குடித்தனமும் பார்க்க, முற்றத்தில் உன்னை உட்காரவைத்து, ஒரு குச்சியால் முடியைப் பிரித்துப் பேன் தேடினாளே. உனக்குப் பதின்மூன்று வயது. அவளுக்கும் நமக்கும் இப்போது என்ன வித்தியாசம்?

நீயே போய் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல். சாவியையும் அவளிடமே கொடுத்துவிடு.

குட்டி


மே 8

குட்டி,

என்னைப் பிளம்பர் ஆக்கிவிட்டாய். சரி.

முன்பின் தெரியாத ஒருத்தியின் அழுக்கைக் குனிந்து அள்ளியவள் நான். எழுது எழுது என்று கேட்டு வாங்கிப் படித்துச் சிரித்தவள் நீ. இப்போது அந்த ஓனரம்மாவுக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைக்கிறாய். அது நடந்தபோது உனக்கு நாலு வயது. நான் சொல்லித்தான் உனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை, உன்னிடம் மட்டும் சொன்னேன். உன் அத்தானுக்குக்கூட இன்றுவரை தெரியாது.

அவள் முன்னால் போய் நிற்க என்னால் முடியாது. சாவி என்னிடமே இருக்கட்டும். நாளைக்கு அங்கே ஒன்று என்றால் யார் ஓடுவது, நீயா?

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மே 20

அக்கா,

நீ எழுதியது அத்தனையும் உண்மை. சிரித்தது நான்தான்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்தேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வந்தது யார், எத்தனை முறை, எழுதச் சொன்னது யார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அவங்க கையில ஏதாச்சும் போட்டிருந்தாங்களா?" என்று கேட்டாள்.

"பிளாஸ்டிக் பை."

தலையை ஆட்டிக்கொண்டாள். தொடர்ந்து கழுவினாள். இருப்பதா காலி செய்வதா என்று மாதக் கடைசியில் சொல்கிறாளாம். உட்காரச் சொல்லவில்லை. என் வீட்டில், என் நாற்காலிக்குப் பக்கத்தில், தோள்பையைக்கூட இறக்காமல் நின்றுகொண்டிருந்தேன். தரை அப்போதும் பளபளவென்றுதான் இருந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பூட்டுக்காரர் பதினொன்றரைக்கு வந்து பூட்டை மாற்றினார். புதுச் சாவி இரண்டு. "ஆளுக்கு ஒண்ணுங்களா?" என்றார். இரண்டையும் அவளிடம் கொடுக்கச் சொன்னேன். உன்னிடம் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

பஸ் நிலையத்துக்கு உன் தெரு வழியாகத்தான் நடந்தேன். மாடிக் கொடியில் அத்தானின் நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மணி ஒன்று. நீ சாப்பிட உட்கார்ந்திருப்பாய். நான் ஏறி வரவில்லை. இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

குட்டி