படகைக் கழுவிய பிறகு

என்ரை ராசா,

ஆக்களுக்கு முன்னால் உங்களை நான் ஒருநாளும் இப்படிக் கூப்பிட்டதில்லை. படகில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருக்கும்போது கூப்பிட்டது. இப்போது படகில் நான் மட்டும்தான். ஆறாம் வகுப்போடு நின்ற எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஹீற்றரைப் போட்டால் பலகைக்குக் கீழே இருந்து மஞ்சள் மணம் வருகிறது. கறி மணம் இல்லை. ஈரத்தில் ஊறிக் கிடக்கிற மஞ்சள். உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று உங்கள் அக்கா ஊற்றிய தண்ணீர்.

செத்தவீட்டுத் துடக்கு, தீட்டு என்று அன்றுவரைக்கும் சொந்தக்காரர் ஒருவரும் படகுக்குள் கால் வைக்கவில்லை. கரையோர மரமேடையில் நின்று என் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள். கிரியை முடிந்ததும் உங்கள் அக்கா, என் மச்சாள், இரண்டு மகள்மாரோடும் வாளிகளோடும் வந்து இறங்கினார்.

"வீடு கழுவாமல் விளக்கேத்தக் கூடாது."

"இது படகு, மச்சாள். ஊத்தினால் தண்ணி வெளியிலை போகாது."

"நீர் சமைச்சுச் சாப்பிட்டுப் படுக்கிற இடம் வீடுதானே. தள்ளி நில்லும்."

வீட்டில் கழுவிய தண்ணீர் வாசலால் ஓடிவிடும். எங்கள் வாசலுக்குப் படி ஏறியல்லவா போக வேண்டும். ஊற்றியதெல்லாம் பலகை இடுக்கால் அடியில் இறங்கியது. உங்களுக்கு நான் வைத்த படையலில் சிந்திய சோறும் பூவிதழும் கூடவே இறங்கின. அடித்தண்ணீரை வெளியே தள்ளுகிற பம்ப் கொஞ்ச நேரம் முக்கியது, பிறகு நின்றுவிட்டது. மூன்று பேரும் அழுது அழுதுதான் ஊற்றினார்கள். போதும் என்று எப்படிச் சொல்வது?

இதே மச்சாளைக் கோடையில் நீங்கள் எப்படியெல்லாம் உள்ளே இறக்குவீர்கள்! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் ஸ்காபரோ மலைமுகட்டுக்குக் கீழே ஏரிக்கரையில் கார் நிறுத்த இடம் இருக்காது, எங்கள் படகில் இருக்க இடம் இருக்காது. நீங்கள் படியடியில் நின்று ஒவ்வொருவராக இடம் காட்டுவீர்கள். ஒரு பக்கம் எல்லாரும் இருந்தால் படகு சாயும், என் சோற்றுப்பானை அடுப்பிலிருந்து வழுக்கும்.

"அக்கா, நீங்கள் அடுப்புப் பக்கம். பிள்ளையள் எல்லாரும் மற்றப் பக்கம்."

"ஏன்டா, என்னைத் தராசிலையோ வைக்கிறாய்?"

"தராசு முறிஞ்சுபோம் அக்கா. அதுதான் படகிலை வைக்கிறன்."

மச்சாள் சிரித்த சிரிப்பில் படகு ஆடும். பிறகு பயந்துபோய் என் தோளைப் பிடித்துக்கொள்வார். சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவ வருகிறவர்களிடம், "தண்ணியைக் கணக்காப் பாவியுங்கோ, தாங்கி சின்னன்" என்று நீங்கள் கெஞ்சுவீர்கள். ஒருவரும் கேட்டதில்லை.

மகன் ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருக்கிற தன் வீட்டுக்கு வரச்சொல்லி நிற்கிறான். "அப்பான்ரை படகு விசருக்கு நீங்கள் ஏனம்மா குளிருக்கை கிடக்கிறியள்? பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு." நல்ல பிள்ளைதான் அவன். ஆனால் கனடா வந்த நாள் தொடக்கம் நீங்கள் ட்ரக்கில், நான் ஃபாக்டரியில். ஒருவர் வர மற்றவர் போவது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண் விழித்தது இந்தப் படகில்தான். நீங்கள் படுத்த பள்ளம் இந்த மெத்தையில் இருக்கிறது. பேஸ்மென்ற்றில் உங்களை எங்கே போய்த் தேடுவேன்?

ஐஸ் கட்ட முன்னம் படகுத்துறைக்காரர் வந்து பார்ப்பார்கள். அடியால் தண்ணீர் உள்ளே எடுக்கிற படகைக் குளிர்காலத்தில் ஏரியில் விடமாட்டார்கள். கிரேனால் தூக்கிக் கரையில் வைத்துவிடுவார்கள். கரையில் வைத்த படகில் ஆள் இருக்கக் கூடாது. பிறகு எனக்கு மகனின் கீழ்வீடுதான். அதனால் பம்ப் நின்ற கதையை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. பக்கத்துப் படகுக்காரரும் குளிருக்குப் பயந்து வீட்டுக்குப் போய்விட்டார். பலகையைத் தூக்கி வைத்துவிட்டு நானே அள்ளுகிறேன்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பம்ப் ஓடுதோ?" ஓம் என்றேன். அன்றைக்கு அது ஓடினது. எப்படித் திறப்பது, எங்கே அடைக்கும் என்று ஒருநாள் கேட்டேனே, நினைவிருக்கிறதா? "நான் இருக்கிறன்தானே, நீர் ஏன் எண்ணெய்க்குள்ளை கை வைக்கிறீர்" என்றீர்கள். அந்த நேரம் எனக்கு அது பாசமாக இருந்தது. இப்போது முழங்காலில் நின்று அள்ளும்போது உங்களை ஏசி ஏசித்தான் அள்ளுகிறேன்.

முதலில் வந்த தண்ணீர் நல்ல மஞ்சள். மச்சாளின் தண்ணீர்தானே, முடிந்துவிடும் என்று இருந்தேன். பிறகு வெளிறியது. குறைகிறது என்று சந்தோசப்பட்டு விளக்கேற்றினேன். இன்று காலை வெள்ளைக் கோப்பையால் அள்ளினேன். கோப்பையின் அடி தெரிந்தது. நிறமே இல்லை. மரத்தில்தான் மணம் நிற்கிறது, தண்ணீரில் இல்லை. ஆனால் நேற்று எவ்வளவு அள்ளினேனோ, அவ்வளவும் திரும்ப வந்து நிற்கிறது. இது மச்சாள் ஊற்றியதில்லை, ராசா. இது ஏரி.

எழும்பினவுடன் உள்ளங்காலைப் பலகையில் வைத்துப் பார்க்கச் சொல்லி நீங்கள் பழக்கினீர்கள். படகு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கால் சொல்லும். நடு ரொறொன்ரோவில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் என் கால் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். இன்று கால் இடப்பக்கம் என்றது. படகின் அடி எங்கே வெடித்திருக்கிறது என்று சொல்ல அதற்குத் தெரியவில்லை.

பின்னேரம் மகன் வருகிறான். படியில் நின்று, "படகு எப்பிடியம்மா இருக்கு?" என்று கேட்பான். நான் அவனுக்கு என்ன சொல்ல, ராசா?