காரின் தலையில் இரும்புக் கட்டில்

ஓகஸ்ட் 5, திங்கள்

சோளகக் காற்று. விடியவே புழுதி. காரைத் துடைத்துவிட்டுத் தேநீர் குடித்து வர, மறுபடி துடைக்க வேண்டியதாயிற்று. தெருக் கழுதை ஒன்று இரவெல்லாம் காரில் சாய்ந்து முதுகு சொறிந்திருக்கிறது. பின் கதவு முழுக்க மயிர். சீ.

கந்தோரில் கோப்புக் குவியல். காற்றாடி இன்னும் திருத்தவில்லை.

பின்னேரம் அண்ணா கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தார். அவர் கதிரை இழுத்தால் ஏதோ ஒன்றை ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டார் என்று அர்த்தம். இம்முறை மடு மாதா கோவில் திருவிழாவுக்கு எல்லாரும் என் காரில். கூடாரம், சட்டி பானை, விறகு, பாய், அதற்கு மேல் அண்ணா மனைவியின் தாய் தகப்பன். சாமான் வைக்க இடமில்லை. ஆகவே காரின் தலையில் ஹூட் றாக், அதாவது வான் வண்டிகளின் மேல் கிடக்குமே, அந்த இரும்புத் தட்டு.

என் காரின் தலையில் கண்ணாடி இருக்கிறது, திறந்து மூடுகிற கண்ணாடி, என்று சொன்னேன்.

"மேல் யன்னல்தானே. அதுக்கு மேலால போட்டாச் சரி."

முடிந்தது கதை. எழும்பிப் போய்விட்டார். கதிரையைத் திரும்ப வைத்தது நான்.

அந்த மேல் யன்னலுக்காகத்தான் காரையே வாங்கினேன். இருபது வருடம் பஸ்ஸில் அடுத்தவரின் அக்குளுக்குக் கீழே நின்று மன்னார் போய் வந்தவள். கந்தோர் விட்டு வரும்போது, ஆளில்லாத தெருவில் பொத்தானை அமத்துவேன். கண்ணாடி பின்புறம் உயர்ந்து மெல்லப் பின்னால் போகும். தலைக்கு மேல் வானம். அவ்வளவுதான். அது யாருக்கும் சொல்லுகிற விஷயம் இல்லை.

ஓகஸ்ட் 7, புதன்

காற்று குறையவில்லை. கண்ணுக்குள் மண்.

முருங்கன் கராஜ்காரருக்கு அழைத்துக் கேட்டேன். நல்ல மனிதர், கத்தாமல் பேசுகிற ஒரே மெக்கானிக். கதவு விளிம்பைக் கவ்விப் பிடிக்கிற கால்களோடு றாக் இருக்கிறதாம், கூரையில் ஓட்டை போடத் தேவையில்லையாம், வேலை முடியக் கழற்றிவிடலாமாம். றாக் இருக்கும்வரை கண்ணாடியைத் திறக்கக்கூடாது, திறந்தால் கம்பியில் போய் இடிக்கும். சனிக்கிழமை வரச் சொன்னார்.

சரி. பத்து நாள் வானமில்லாமல் இருப்பேன். அண்ணாவிடம் சொன்னேன்: கவ்வுகிற றாக் மட்டும், நான்தான் கொண்டுபோய்ப் போடுவேன். "ஓம் ஓம்" என்றார், தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே.

றீற்றா மச்சாள் (அண்ணாவின் மனைவி, முழுப்பெயர் எழுத மை வீண், இனி றீ.) குசினியில் அடுப்படியில் நின்று தொலைபேசியில் யாரோடோ சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் சிரிப்பு நின்றது. இது என் குசினி. அம்மா எனக்குச் சீதனமாக எழுதின வீடு. கல்யாணம் ஒன்றும் சரிவரவில்லை. அண்ணா குடும்பம் "கொஞ்ச நாளைக்கு" என்று வந்தது. அவர்களின் மகள் டிலானி அப்போது கைக்குழந்தை. இப்போது கம்பஸ் முடித்துவிட்டாள். எனக்கு மிஞ்சினது பின் அறையும் ஒரு அலுமாரியும்.

வாங்க: சவர்க்காரம், சீனி, தலையிடிக் குளிசை.

ஓகஸ்ட் 9, வெள்ளி

காலையில் ஆணியில் கார்த் திறப்பு இல்லை, முற்றத்தில் காரும் இல்லை. சில்லுக்குக் காற்றடிக்க அண்ணா கொண்டுபோய்விட்டார் என்று றீ. சொன்னாள். பஸ்ஸில் கந்தோர். அக்குள்.

பின்னேரம் தோட்டவெளிச் சந்தியில் இறங்கினதுமே நெடி. படகு ஒட்டுகிற பைபர் பசையின் நெடி. கரையிலிருந்து காற்று கொண்டுவருகிறது என்று நினைத்தேன். வீட்டுக்குக் கிட்டப் போகப் போகக் கூடியது.

எழுதவே கை கூசுகிறது.

முற்றத்தில் கார். அதன் தலையில் ஏதோ செத்த வான் வண்டியிலிருந்து பிடுங்கின றாக், இரும்புக் கறளும் பச்சைப் பெயின்ருமாக, ஆஸ்பத்திரிக் கட்டிலைக் கவிழ்த்து வைத்த மாதிரி. கவ்வுகிற கால் இல்லை. கூரையில் நாலு ஓட்டை போட்டு ஆணி முடுக்கியிருக்கிறது. உள்ளே இருந்து பார்த்தால் துணியைக் கிழித்துக்கொண்டு ஆணி முனைகள். அது போதாது என்று கண்ணாடியைச் சுற்றிப் பைபர் துணி வைத்து, பசை பூசி, கல்லாய்க் காயவிட்டிருக்கிறது. பொத்தானை அமத்தினேன். உள்ளே எதுவோ முனகியது. கண்ணாடி அசையவில்லை.

வேலை பார்த்தது றீ.யின் தம்பி சேவியர். கரையில் பைபர் போட்டுகளுக்கு ஓட்டை அடைக்கிறவன். பெருமை வேறு.

"சொட்டுத் தண்ணி இறங்காது அக்கா. நான் ஒட்டின போட் ஒண்டும் இண்டைவரைக்கும் தாழேல்லை."

என் கார் எந்தக் கடலில் தாழப்போகிறது என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. ஓட்டை கண்டால் அடைப்பான். அவன் கண்ணுக்கு என் வானமும் ஒரு ஓட்டை.

அண்ணா: "போன மாரியில ஒழுகுதெண்டு நீதானே சொன்னனீ. உனக்காகத்தான் செய்விச்சனான்."

ஒரே ஒரு நாள், ஒரு துளி விழுந்தது என்று சொன்னது உண்மை. எனக்காகவாம். இரவு சாப்பிடவில்லை. ஒருவரும் ஏன் என்று கேட்கவுமில்லை.

ஓகஸ்ட் 10, சனி

முருங்கன். வழி முழுக்க றாக் விசிலடித்தது. தெருவோரத்தில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கராஜ்காரர் காரைச் சுற்றி வந்தார். பசையில் நகத்தால் தட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்கினது தெரிந்தது. அடக்கினதற்கு நன்றி. இதைக் கிளப்பினால் கண்ணாடி உடையும், உடைத்தால் வேறு கண்ணாடி கொழும்பில் தேடவேண்டும் என்றார். மடுவுக்குப் போய் வந்த பிறகு பார்ப்போம் என்றும் சொன்னார்.

பிறகு, கை துடைத்துக்கொண்டு, சாதாரணமாக:

"கலியாணத்துக்கு முதல் எப்பிடியும் திருத்தத்தானே வேணும், மிஸ். பெயின்ரும் அடிக்கவேணுமெண்டு அண்ணர் போன மாசம் வந்து கேட்டவர்."

யாருடைய கல்யாணம் என்றேன்.

"உங்கட அண்ணரின்ர மகளின்ர. கார் சீதனமாப் பிள்ளையோட போகுதெண்டு சொன்னவர்." என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன்."

தெரியும் என்று பொய் சொன்னேன். ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். சுடச்சுட இருந்தது அதுவும்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

பூசை. பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. முன் வரிசை வாங்கில் றீ., புதுச் சேலை, மாதாவைப் பார்த்தபடி உருக்கம்.

மத்தியானம் தலையிடி. பின் அறையில் படுத்திருந்தேன். நான் நித்திரை என்று நினைத்து யன்னலுக்கு வெளியே நின்று றீ. தொலைபேசியில்:

"வீடும் காரும் பிள்ளைக்குத்தான். மாமியோ? அவ இருக்கிறவரைக்கும் பின் அறையில இருந்திட்டுப் போகட்டும். ஒரு கரைச்சலும் இல்லாத ஆள்."

இருந்துவிட்டுப் போகட்டுமாம். ஒரு கரைச்சலும், ஒரு தொந்தரவும் இல்லாத ஆளாம். எழும்பி முகம் கழுவினேன். மறுபடி கழுவினேன். பைபர் நெடி தலைமயிரில் கிடந்தது.

யன்னலால் கேட்ட மிச்சக் கதையில் எல்லாம் விளங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் 14ஆம் திகதி மடுவில் நம் கூடாரத்துக்கு வந்து பெண் பார்க்கிறார்கள். கோவிலில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி. சாமான் எல்லாம் காரின் தலையில் ஏறினால் உள்ளே மெத்தை இருக்கை, பளபளப்பு எல்லாம் அவர்கள் பார்க்கலாம். என்னையும் பார்க்கலாம், சாரதி இருக்கையில்.

கத்தியிருக்கலாம். கத்தவில்லை. போவேன். நானே ஓட்டுவேன்.

ஓகஸ்ட் 13, செவ்வாய்

மடு. கூடாரத்துக்குள் பாயில் இருந்து எழுதுகிறேன். காட்டு மரங்களுக்குக் கீழே கண் எட்டும் தூரம் கூடாரங்கள், அடுப்புப் புகை.

தலையில் ஏற்றினவை: கூடாரச் சீலை, தடிகள், விறகு, அரிசி மூட்டை, பெரிய சோற்றுக் கிடாரம், பாய்கள், மடக்குக் கதிரை, கட்டின கால்களோடு உயிருள்ள இரண்டு கோழி. கோழி எச்சம் முன் கண்ணாடியில் வழிந்து வந்தது. துடைப்பானைப் போட்டேன். அது பூசி விட்டது.

உள்ளே காய்ந்த பசையின் நெடி, ஆறு பேர் வியர்வை. பாலம் தாண்டும்போது றீ.யின் தாய் சத்தி எடுத்தார். பாவம், கிழவி மேல் குற்றமில்லை. காரை நிறுத்தி வாந்தியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியது நான். அண்ணா வெளியே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டு, கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று றாக்கைத் தடவிப் பார்த்தார்.

இங்கே வந்து சேர்ந்ததும் குரங்குகள் றாக்கில் ஏறிக் குந்திவிட்டன. அந்த இரும்புக்குப் பொருத்தமான ஆட்கள் இப்போதுதான் கிடைத்தார்கள்.

மாதாவிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேட்காமலே முழங்காலில் இருந்துவிட்டு வந்தேன்.

ஓகஸ்ட் 14, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பத்து மணிபோல் வந்தார்கள். மாப்பிள்ளை, தாய், தகப்பன். முருங்கன் பக்கத்து ஆட்கள். மாப்பிள்ளை தன் கால் சப்பாத்தைப் பார்த்தபடி இருந்தான். டிலானி தேநீர் கொண்டுவந்தாள். றீ. என் நல்ல கோப்பைகளை எனக்குத் தெரியாமல் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அதுவும் இன்றுதான் கண்டேன்.

தாய்க்காரி நல்ல மரியாதையான மனுசி. சுற்றிப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"இதுதானே பிள்ளைக்குக் குடுக்கிற கார்? நல்லா இருக்கு. மேல மட்டும் என்ன அது பச்சையா?"

அண்ணா தொண்டையைச் செருமினார். றீ. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வாய் திறந்தது. கரைச்சல் இல்லாத ஆளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"கார் என்ர பேரில இருக்கு, அம்மா. வீடும் என்ர பேரிலதான். பிள்ளைக்கு வேணுமெண்டால் என்னட்டைக் கேக்கலாம். இண்டைவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை."

குரல் உயர்த்தவில்லை. கோப்பையைக் கீழே வைத்தேன்.

தாய்க்காரி அண்ணாவைப் பார்த்தார். அண்ணா கூடாரத் தடியைப் பார்த்தார். தகப்பன்காரர் மழை பற்றி ஏதோ சொன்னார், துளி மழையில்லாத இந்தச் சோளகத்தில். தேநீரைக் குடித்து முடித்தார்கள், அதுவும் மரியாதைக்கு. கதைத்துச் சொல்கிறோம் என்று எழும்பிப் போனார்கள்.

பிறகு றீ. அழுதாள். நான் குடும்பத்தைச் சந்தியில் நிறுத்திவிட்டேனாம். அண்ணா ஒரே ஒரு வசனம் சொன்னார், அம்மா இருந்திருந்தால் இப்படி நடக்காது என்று. அம்மா இருந்திருந்தால் உங்களுக்கு அந்த வீட்டில் பாய் விரிக்கவும் இடமில்லை என்று சொல்ல வந்து, விழுங்கினேன். அம்மாவை ஏன் இந்தச் சகதிக்குள் இழுக்கவேண்டும்.

டிலானியை நினைத்துத்தான் என் மனம் பொறுக்கவில்லை. காரில் போய் இருந்தேன். அவளும் வந்து பக்கத்தில் ஏறினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். ஆணி முனைகளை அண்ணாந்து பார்த்தாள்.

"கார் எனக்கெண்டு எனக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை, மாமி."



ஓகஸ்ட் 15, வியாழன்

திருவிழா. சனம் சனம். மாதாவின் திருச்சுரூபம் வரும்போது எல்லாரும் முழந்தாளிட, புழுதி அடங்கி ஒரு நிமிடம் எல்லாம் சுத்தமாக இருந்தது.

திரும்புகிறபோது றீ. என் காரில் ஏறமாட்டாளாம். தாய் தகப்பனையும் ஏறவிடவில்லை. அண்ணாவும் மானத்தோடு அவர்கள் பின்னால். சட்டி பானை, விறகு மிச்சம், கதிரை எல்லாவற்றையும் றாக்கில் இருந்து அவிழ்த்து மரத்தடியில் இறக்கி வைத்தேன். மானத்தோடு கிடாரமும் பஸ்ஸில் போகட்டும். என் கோப்பைகளை மட்டும் எடுத்து வைத்தேன்.

டிலானி முன் இருக்கையில் வந்து ஏறினாள். அண்ணா கூப்பிட்டார். அவள் கதவைச் சாத்தினாள்.

ஓகஸ்ட் 17, சனி

முருங்கன். றாக் கழற்றியாயிற்று. கண்ணாடி உடைத்தே எடுக்கவேண்டி வந்தது. இருக்கை இடுக்கில் எல்லாம் தூள். கையில் ஒரு கீறல். ஓட்டைகளை அடைத்தார். புதுக் கண்ணாடி வரும்வரை தகரம் வைத்து மூடித் தரவா என்று கேட்டார். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, வேண்டாம் என்றேன். முன்பு திறக்க முடியாது, இனி மூட முடியாது. பாலத்தில் வரும்போது தலை முழுக்க உப்பும் மண்ணும். கண்ணைத் திறக்க முடியவில்லை. இருந்தும் மெதுவாகத்தான் ஓட்டினேன்.

றாக்கைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டேன். சேவியர் வந்து எடுத்துப் போகட்டும். இப்போதைக்கு அதில் கழுதை முதுகு சொறிகிறது.

மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து சேதி: காரும் வீடும் பிறகு, முதலில் பிள்ளைகள் இரண்டும் கதைக்கட்டும், நாளைக்கு வாருங்கள் என்று. டிலானி தலையை மட்டும் ஆட்டினாள். அவள் பாடு. அவளையாவது கேட்டார்களே.

பின்னேரம் அண்ணா வந்தார். கதிரையை இழுக்கவில்லை. என் அறை வாசலில் நின்றார், உள்ளே வரலாமா என்று தெரியாதவர் மாதிரி.

"பிலோ, நாளைக்கு ஒருக்காக் காரைத் தருவியோ?"

கேட்டார். எனக்கு நாற்பத்தாறு வயது. இன்றைக்குத்தான் கேட்டார்.

இல்லை என்றேன்.

இரவு மீன் குழம்பு. இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.