காக்கை வரும்வரை காத்திருந்த குஞ்சு

முருகன் துணை

பிரிக்பீல்ட்ஸ்,
24.8.1997

அன்புள்ள தம்பி யோகநாதனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிற அளவில் இருக்கிறோம், நீ அந்தக் குளிர் தேசத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டும் என்று ஸ்காட் ரோடு முருகனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். உன் கம்பெனி தான் செய்த விளையாட்டுச் சாமானைப் பற்றிக் கேட்டு அனுப்பிய பாரத்தை இந்த மாதம் முடிவதற்குள் நிரப்பி அனுப்பச் சொல்லியிருந்தாய். பிராணியின் மீது பாசம் ஏற்பட்டதா, அது பசியில் சத்தம் போட்டபோது என்ன உணர்ந்தீர்கள், இறந்த பிராணி திரும்பி வரவேண்டுமா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை வட்டம் போடவேண்டுமாம். வட்டம் போட உட்கார்ந்தால் அப்பா இருமுவார், போய்ப் பார்த்துவிட்டு வந்தால் பேனாவைக் காணோம். பேனா கிடைத்த அன்றைக்கு எந்த எண்ணைச் சுற்றுவதென்று தெரியவில்லை. ஆகவே நடந்ததை எழுதுகிறேன், வட்டத்தை நீயே போட்டுக்கொள்.

போன வருஷம் நீ வந்து பத்து நாள் நின்றபோது பார்த்ததற்கு அப்பாவின் கால் கொஞ்சம் தேவலை, பிடித்துக்கொண்டால் நாற்காலிவரை நடக்கிறார். வலது கை அப்படியேதான் இருக்கிறது, பேச்சும் வரவில்லை. குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சோறு ஊட்டுவது எல்லாம் நான்தான். பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி காலையில் வந்து ஒரு கை பிடிப்பாள், இல்லாவிட்டால் என் முதுகு எப்போதோ போயிருக்கும். வெளியே பழைய ரயில் யார்டில் புது ஸ்டேஷனுக்காக நாள் முழுக்க இரும்பை மண்ணில் அறைகிறார்கள், காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். முப்பத்தோரு வருஷம் அந்த யார்டில் வேலை பார்த்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்புவதுகூட இல்லை. எனக்கு அலுத்துவிட்டது தம்பி, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

வைகாசியில் நீ அனுப்பிய அந்த விளையாட்டுச் சாமான் வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. உள்ளங்கையளவு பெட்டி, அதன் சின்னத் திரையில் ஒரு கோழிக்குஞ்சு, பசித்தால் கீக்கீயென்று கத்தும், பொத்தானை அமுக்கினால் தின்னும், கவனிக்காவிட்டால் தலையைத் தொங்கப்போடும். அம்மாவுக்குத் துணையாக இருக்கும் என்று எழுதியிருந்தாய். ஒருவரைப் பார்ப்பதே எனக்குப் பெரும்பாடு, இது வேறா என்று அப்பா பக்கத்து மேசையில் போட்டுவிட்டுப் போனேன். ஒருநாள் நான் குசினியில் கருவாடு கழுவிக்கொண்டிருந்தபோது அது கத்தியது, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது. பற்றரி தீர்ந்துவிட்டதாக்கும் என்று வந்து பார்த்தால் அப்பா இடது கைப் பெருவிரலால் பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கிறார். அதன்பிறகு அது அவர் கையைவிட்டு இறங்கவில்லை. குஞ்சு தின்ற பிறகுதான் தன் வாயைத் திறப்பார். கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டிருந்த மனிதர் குழைசோறு, மீன் என்று தின்னத் தொடங்கினார், கன்னத்தில் சதை வைத்தது. நாம் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொள்கிறோம், அவர் பார்த்துக்கொள்வதற்கு இந்த வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது. இதை உனக்கு அப்போதே எழுதியிருக்கவேண்டும், சோம்பலாக இருந்துவிட்டேன்.

இந்த மாதம் மூன்றாம் தேதி ஆடி அமாவாசை. உன் அப்பப்பாவுக்காக அப்பா ஒரு வருஷமும் விரதம் தவறவிட்டவரில்லை, இந்த வருஷம் அவருக்குப் பதிலாக நான் பிடித்தேன். அவருக்குப் பாலும் மாத்திரையும் கொடுத்துவிட்டு, வாழைக்காய், பூசணிக்காய், பயற்றங்காய் எல்லாம் சமைத்துப் படைத்து, பின்பக்கச் சுவரில் காக்கைக்குச் சோறு வைத்தேன். ஒரு காக்கையும் வரவில்லை. யார்டு ஓரத்து மரங்களை வெட்டியதிலிருந்து அவை இடம் மாறிவிட்டன. நான் கா கா என்று தொண்டை கிழியக் கூப்பிடுவதைக் கேட்டுப் புஷ்பவல்லி வந்து, இங்க ஏது காக்கா, எல்லாம் பாசார் பக்கம் போயிருச்சுலா அக்கா என்று சந்தை இருக்கிற திசையைக் காட்டினாள். அந்த நேரம் பார்த்துக் குஞ்சு கத்தியது, அப்பா பெருவிரலைக் கொண்டுபோனார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டேன். இன்றைக்கு இந்த வீட்டில் காக்கை தின்னாமல் யாரும் தின்னக்கூடாது, நீயும் கொஞ்சம் பொறு என்று அந்தக் குஞ்சிடமே சொல்லி, துவாயில் சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கேலிக்குச் செய்யவில்லை தம்பி. வீட்டு ஆளாக நினைத்துவிட்டேன், அதனால்தான் அதையும் விரதத்தில் சேர்த்துக்கொண்டேன். அப்பா அலுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டரை மணிக்கு ஒரு நொண்டிக் காக்கை வந்து சோற்றில் வாய் வைத்தது. ஓடிப்போய்த் துவாயைப் பிரித்தால் திரையில் குஞ்சு இல்லை, ஒரு சின்ன நட்சத்திரம் மட்டும் நின்றது. அதை அவர் கையில் கொடுத்தேன். வாதம் வந்து விழுந்த அன்றைக்குக்கூட அழாத மனிதர் அழுதார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, நீ போன் எடுத்தாய். குஞ்சு செத்ததை நான் சொன்னதும், அதுக்கென்னம்மா, பின்னால இருக்கிற ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்குங்க, புதுசு வந்துரும் என்றாய். பிறகு இன்னும் பத்து வருஷத்தில் இந்த மாதிரி விளையாட்டுகள் ஆளின் முகத்தைப் பார்த்தே துக்கமா சந்தோஷமா என்று கண்டுபிடித்துவிடும், குரல் நடுங்கினால் அதற்கேற்ற மாதிரி நடந்துகொள்ளும், நாங்கள் அதற்குத்தான் இப்போது அத்திவாரம் போடுகிறோம் என்று ஆசையாக விளக்கினாய். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். என் குரல் நடுங்கியது உனக்குக் கேட்டதோ தெரியவில்லை.

நீ சொன்னபடியே அமுக்கினேன், புதுசு வந்தது. அதே மூக்கு, அதே கத்தல், எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அப்பா ஒருதரம் பார்த்துவிட்டு இடது கையால் தள்ளிவிட்டார். இரண்டு நாள் பச்சைத்தண்ணீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை, அதன்பிறகும் நேரத்துக்கு இரண்டு கரண்டிக் கஞ்சிக்குமேல் வாயைத் திறக்கமாட்டார். போன வாரம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அடுத்த வியாழனுக்குள் சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய் போடவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கெஞ்சினேன், ஏசினேன், ஒருநாள் கரண்டியைச் சுவரில் எறிந்தேன். பெற்ற பிள்ளையிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, எறிந்தது உண்மைதான். புதுக் குஞ்சை நான்தான் பார்க்கிறேன், இன்னொருதரம் சாகவிட எனக்குத் தைரியமில்லை.

நேற்று மத்தியானம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். காலையில் எழுந்ததிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வேலை, ஒரு வாய் தேத்தண்ணீர்கூட நான் குடிக்கவில்லை, குடிக்காதது எனக்கே ஞாபகமில்லை. கஞ்சிக் கோப்பையோடு அப்பா முன்னால் உட்கார்ந்து கரண்டியை நீட்டினேன். அவர் இடது கையால் அதை வாங்கினார். எறியப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பாதி என் சேலையில் சிந்த, மீதியை என் வாய்க்கு நேரே கொண்டுவந்து பிடித்தார். நான் விழுங்கும்வரை கரண்டியை எடுக்கவில்லை. அழுதுகொண்டே விழுங்கினேன், உப்புப் போட மறந்திருந்தது. அதன்பிறகு தன் வாயைத் திறந்தார். எனக்கொன்று தனக்கொன்று என்று கோப்பை காலியாகிவிட்டது. வியாழக்கிழமை டாக்டர் என்ன சொல்வாரோ தெரியாது, இன்று காலையும் அப்படித்தான் சாப்பிட்டோம்.

உன் பாரத்துக்கு என் பதில் இதுதான். பாசம் ஏற்பட்டது, அதில் குறையில்லை, உன் வேலை நல்ல வேலை. போனதற்குப் பதிலாக அதே முகத்தோடு இன்னொன்றை அனுப்பவேண்டாம் என்று உன் ஆட்களிடம் சொல். பசித்தால் கத்துகிற குஞ்சை நீங்கள் செய்துவிட்டீர்கள். நான் கத்தவில்லை, அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை உங்கள் பெட்டிக்குள் வைக்கமுடியுமா என்று படித்த நீதான் பார்த்துச் சொல்லவேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, கந்தசஷ்டிக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார். எல்லா நலமும் உனக்குச் சேர அப்பாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம், அவருடைய இடது கைப் பெருவிரலை மையில் தொட்டுக் கீழே வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து அம்மா சுகமா என்று கேட்பாய், நான் சுகம் என்றுதான் சொல்வேன். அதைக் கேட்டவுடன் போனை வைத்துவிடாதே.

உன் அன்புள்ள அம்மா,
மீனலோசனி சீவரத்தினம்